பொங்கல் விழாவில் சுட்ட சோளக்கதிர் கடை: எந்தக் கதிர், எத்தனை வாங்கலாம்?

கணபதி_காலனி

எல்லோருக்கும் வணக்கம். கோவை கணபதிப் பக்கம் எங்கள் காலனியில் மாட்டுப்பொங்கலன்று மாலை 4 மணியிலிருந்து 8 மணி வரை விழா வைக்கிறோம். கோலப்போட்டி, உறியடி எல்லாம் உண்டு. கூடவே வீட்டுக்காரர்களே சின்னச் சின்னக் கடைகள் போடுவார்கள். வருகிற பணத்தில் பூங்காவில் உடைந்துபோன சறுக்குமரத்தைச் சரிசெய்வதாக முடிவு. பணியாரம், போளி, சுண்டலுக்கு ஏற்கனவே ஆள் இருக்கிறது. நானும் என் நாத்தனாரும் மக்காச்சோளம் சுட்டு விற்கலாம் என்று பெயர் கொடுத்துவிட்டோம்.

பெரியவர்களும் குழந்தைகளுமாக ஒரு 400 பேர் வருவார்கள். காய்கறி வியாபாரி ஒருவர் 300 கதிர் எடுத்தால் விலை குறைத்துத் தருகிறேன் என்கிறார். ஆனால் பொங்கலுக்கு மார்க்கெட் லீவு என்பதால் போகியன்றே இறக்கிவிடுவாராம். அப்படியென்றால் இரண்டு நாள் எங்கள் வீட்டில் கிடக்க வேண்டும். கெட்டுப்போகாமல் எப்படி வைப்பது? ஸ்வீட் கார்ன் வாங்குவதா, சாதாரண மக்காச்சோளமா? மதியமே பாதி சுட்டு வைத்துக்கொண்டு, கூட்டம் வந்ததும் சூடுகாட்டிக் கொடுத்தால் சரிவருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ராஜி_தாம்பரம்

எதற்கு இவ்வளவு சிரமம்? ஸ்வீட் கார்ன் முத்துகளை உதிர்த்து, குக்கரில் ஒரு விசில் விட்டு, வெண்ணெயும் மிளகுத்தூளும் போட்டுக் கப்பில் கொடுத்துவிடுங்கள். எங்கள் அபார்ட்மெண்டில் அப்படித்தான் செய்தோம். புகையும் இல்லை, கையும் சுடாது. சீக்கிரம் விற்றும் போய்விடும்.

அமராவதிக்கரை

கணபதிக் காலனி தங்கச்சி, ராஜி சொன்னது சுலபமான வழிதான். ஆனால் நீங்கள் சுட்ட கதிர் என்று பெயர் கொடுத்திருக்கிறீர்கள். விழாவுக்கு வரும் பாட்டியும் பேரனும் தணலுக்குப் பக்கத்தில் நின்று, தங்கள் கண் முன்னால் வெந்த கதிரை வாங்கிக் கடிப்பது தனி சந்தோஷம். அதை விட்டுவிடாதீர்கள்.

நாங்கள் உடுமலைக்குத் தெற்கே மக்காச்சோளம் விதைக்கிறவர்கள். எங்கள் பக்கம் விளைவதில் பெரும்பகுதி முற்றிக் காய்ந்து, பல்லடம், நாமக்கல் கோழித் தீவனத்துக்குப் போய்விடும். ஊர் மாரியம்மன் நோன்பு சாட்டும்போது மட்டும் வரப்போரத்தில் நாலு வரிசையைப் பச்சையாகவே ஒடித்து, கோயில் முன்னால் நானும் என் மாமியாரும் சுட்டு விற்போம். அவர் கைப்பக்குவத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்த 300 கதிரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போகிக்கு வந்து இறங்குகிற கதிரை அதற்கு முந்தின நாளாவது ஒடித்திருப்பார்கள். ஒடித்த பிறகும் கதிருக்கு உயிர் இருக்கிறது. அது மூச்சுவிட விட, உள்ளே இருக்கும் சர்க்கரை கரையும், மாவாகவும் மாறும். மூட்டையில் திணித்து வைத்தால் இன்னும் வேகமாக நடக்கும். காலையில் கட்டிய மூட்டைக்குள் மத்தியானம் கையை விட்டுப் பாருங்கள், வெதுவெது என்று இருக்கும். மாட்டுப்பொங்கலன்று அந்தக் கதிர் அழுகிப்போயிருக்காது, பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் இனிப்பு போயிருக்கும், தோல் தடித்திருக்கும். எவ்வளவு எலுமிச்சை தேய்த்தாலும் அது திரும்பி வராது. விலை குறைகிறது என்பதற்காக இதில் இறங்காதீர்கள்.

ஒரு விவசாயியைப் பிடியுங்கள். கோவையைச் சுற்றி ஒரு மணி நேர தூரத்தில் மக்காச்சோளக் காடு கிடைக்காமல் போகாது. மாட்டுப்பொங்கலன்று விடியற்காலை, வெயில் ஏறும் முன் ஒடிக்கச் சொல்லுங்கள். மட்டையை உரிக்காமல் அப்படியே கொண்டுவந்து, நிழலில் பரப்பி, ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள். சுடும்போதுதான் உரிக்க வேண்டும். இதில் ஒன்றைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். 2018க்குப் பிறகு படைப்புழுவுக்காக மருந்து அடிக்காத மக்காச்சோளக் காடு அபூர்வம். கடைசியாக என்ன மருந்து, எந்தத் தேதியில் அடித்தார் என்று கேளுங்கள். மருந்து டப்பாவிலேயே எத்தனை நாள் பொறுத்து அறுக்கலாம் என்று போட்டிருக்கும். அந்தக் கெடு தாண்டாத காட்டுக் கதிர் வேண்டவே வேண்டாம். குழந்தைகள் கடித்துச் சாப்பிடப்போகிறார்கள்.

ஸ்வீட் கார்னா, சாதாரணமா என்று கேட்டிருந்தீர்கள். தணலில் நேரடியாகச் சுட சாதாரண மக்காச்சோளம்தான். ஸ்வீட் கார்னில் நீரும் சர்க்கரையும் அதிகம். தணலில் பட்டதும் முத்து சுருங்கி மேலே கருகிவிடும், கடித்தால் சொதசொதவென்று இருக்கும். அதுதான் கிடைக்கிறது என்றால் மட்டையோடு தண்ணீரில் ஊறவைத்து, மட்டையோடே தணலில் போட்டு எடுங்கள். உள்ளேயே ஆவியில் வெந்துவிடும். அதுவும் ருசிதான், ஆனால் சுட்ட வாசனை கொஞ்சம் குறையும்.

பருவம் பார்க்க நகம் போதும். கதிர் நுனியில் தொங்கும் முடி பழுப்பாகிக் காய்ந்திருக்க வேண்டும். மட்டை பச்சையாக இருக்க வேண்டும். நுனியில் கொஞ்சம் விலக்கி, ஒரு முத்தை நகத்தால் குத்துங்கள். தெளிந்த தண்ணீர் வந்தால் பிஞ்சு. பால் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மாவு மாதிரி வந்தால் முற்றிவிட்டது, பல்லுக்கு வேலை வைக்கும்.

மதியமே சுட்டு வைக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். ஆறின கதிரை மறுபடி சூடுகாட்டினால் முத்து வற்றிப்போய் ரப்பராகிவிடும். கேட்ட பிறகு சுட்டுக்கொடுங்கள். ஜனங்கள் பொறுமையாக நிற்பார்கள், அந்த வாசனையே நிற்க வைக்கும். எத்தனை வாங்குவது என்பதை 400 பேரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அடுப்பை வைத்துப் போடுங்கள். ஒரு நடுத்தர அடுப்பில் ஒரே நேரத்தில் 6 கதிர் வைக்கலாம். திருப்பித் திருப்பிச் சுட ஐந்தாறு நிமிடம். ஆக, கை நிற்காமல் சுட்டால் மணிக்கு 60. ஆனால் கூட்டம் 4 மணி நேரமும் ஒரே மாதிரி இருக்காது. உறியடி நடக்கும்போது உங்கள் பக்கம் ஒருவரும் திரும்ப மாட்டார்கள். 150 கதிர் போதும். சின்னக் குழந்தைகளுக்குப் பாதியாக ஒடித்துக் கொடுங்கள், முழுக்கதிரைப் பாதி கடித்துவிட்டுப் போட்டுவிடுவார்கள்.

உப்பு மிளகாய்த்தூளைத் தணலில் இருக்கும்போது தூவாதீர்கள். நெடி ஏறி, சுற்றி நிற்கிற எல்லோருக்கும் இருமல் வரும். தணலிலிருந்து எடுத்த பிறகு, எலுமிச்சை மூடியை உப்பு மிளகாயில் தொட்டு, சூட்டோடு அழுத்தித் தேயுங்கள். வெறும் உப்பு மட்டும் ஒரு கிண்ணத்தில் தனியாக இருக்கட்டும், குழந்தைகளுக்கு. உரித்த மட்டையிலேயே வைத்துக் கொடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அந்த மை சாப்பாட்டில் படக்கூடாது. காசு வாங்குகிற கை கதிரைத் தொடாமல் இருந்தால் நல்லது. நாத்தனாரைப் பணத்துக்கும் க்யூஆர் அட்டைக்கும் உட்கார வையுங்கள்.

தணல்_மதுரை

அக்கா சொன்னதோடு நெருப்பைப் பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன். கல்யாண வீடுகளுக்குச் சமையல் வேலைக்குப் போகிறவன்.

சீமைக்கருவேல மூட்டக்கரி வாங்குங்கள். நின்று எரியும். கொட்டாங்குச்சியைப் பச்சையாகப் போட்டால் கொழுந்துவிட்டு எரிந்து கதிரில் கரி படியும். பற்றவைக்க மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது, அந்த வாடை முதல் சில கதிர்களில் ஏறிவிடும். தேங்காய் நார், காய்ந்த பாளை போதும். கடை திறக்க அரை மணி நேரம் முன்பே பற்றவையுங்கள். கொழுந்து அடங்கி, கரிமேல் சாம்பல் பூத்து, உள்ளே கங்கு சிவப்பாகத் தெரிந்தால்தான் கதிர் வைக்க வேண்டும். நடுவில் கரி சேர்க்கும்போது ஓரத்தில் போடுங்கள், பிடித்த பிறகு நடுவுக்குத் தள்ளலாம்.

துணிப் பந்தலுக்குக் கீழே அடுப்பு வைக்கவே கூடாது. சுடும்போது முத்து படபடவென்று வெடிக்கும், பொறி பறக்கும். திறந்த வெளியில், காற்று கூட்டத்தை விட்டு விலகிப்போகிற பக்கமாகப் பார்த்து வையுங்கள். குழந்தைகள் கிட்டே வராதபடி முன்னால் ஒரு பெஞ்சைக் குறுக்கே போடுங்கள். ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். நைலான் புடவையோ, நைலான் துப்பட்டாவோ போட்டுக்கொண்டு அடுப்பில் நிற்காதீர்கள். முடிந்ததும் கரியை நனைத்து இரும்புச் சட்டியிலேயே விட்டுவிட்டு, மறுநாள் காலையில் கொட்டுங்கள். மேலே அணைந்த மாதிரி தெரியும், உள்ளே கங்கு இருக்கும். மிச்சக் கங்கைக் குளிருக்கு என்று சொல்லி யாரும் மூடிய அறைக்குள் கொண்டுபோக விடாதீர்கள். புகையே தெரியாவிட்டாலும் அதிலிருந்து வருகிற நச்சுவாயு ஆளையே கொன்றுவிடும்.

கணபதி_காலனி

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வியாபாரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் மாமனார் வழிச் சொந்தம் ஒருவர் பல்லடம் பக்கம் மக்காச்சோளம் போட்டிருக்கிறார். கதிர் 12 ரூபாய்க்குத் தருகிறேன் என்றார். ஒரு பக்கம் ஐப்பசி முதல் வாரம் விதைத்தது, இன்னொரு பக்கம் ஐப்பசி நடுவில். பூச்சி மருந்து அடித்துப் பல வாரம் ஆகிவிட்டதாம், தேதி குறித்து வைத்திருக்கிறார். எந்தப் பக்கம் கேட்கட்டும்? 30 ரூபாய்க்கு விற்கலாமா? எலுமிச்சை எத்தனை வேண்டும்?

அமராவதிக்கரை

ஐப்பசி நடுவில் விதைத்த பக்கம். தை 2ஆம் தேதிக்கு அது சுமார் 75 நாள் பயிராக இருக்கும், பால் பிடித்திருக்கும். முதல் வாரம் விதைத்தது 85 நாளைத் தாண்டியிருக்கும், முற்றத் தொடங்கிவிடும். ஆனாலும் நாள் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். ரகத்தைப் பொறுத்தும் பனி, மழையைப் பொறுத்தும் கொஞ்சம் முன்னே பின்னே போகும். போகியன்று அவரையே நாலைந்து இடத்தில் நகம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

30 ரூபாய் சரியான விலை. பாதிக் கதிர் 15. 150 கதிரும் போனால் 4,500 வரும். கதிருக்கு 1,800 போக, கரியும் எலுமிச்சையும் வாங்கினாலும் சறுக்குமரத்துக்கு நல்ல தொகை நிற்கும். சொந்தக்காரர் என்று விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். முற்றவிட்டு விற்றால் அவருக்கு எடைக்குக் காசு. பச்சையாக ஒடித்தால் அந்த எடை போய்விடுகிறது, கதிர் ஒடித்த தட்டை, அதாவது செடித் தண்டு மட்டும்தான் மாட்டுக்கு மிச்சம்.

எலுமிச்சை ஒரு பழம் நாலு கதிருக்கு வரும். 40 வாங்குங்கள். விற்காத கதிர் இருந்தால் அன்று ராத்திரியே முத்தை உதிர்த்து ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாள் அரைத்து வடை தட்டலாம். அடுப்பு கிடைத்துவிட்டதா? இல்லையென்றால் மண் அள்ளுகிற பழைய இரும்பு பாண்டு ஒன்றே போதும், மேலே கம்பி வலை போட்டுக்கொள்ளலாம்.