8 வயதுப் பையனுக்கு 3 சொத்தைப் பல், எடையும் கூடுது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

கயல்அம்மா:
மூன்றாம் வகுப்பு படிக்கிறான். சொத்தையான 3 பல்லில் ஒன்று, 6 வயதில் முளைத்த நிரந்தரக் கடைவாய்ப்பல். விழுந்து முளைக்காதாம், கேட்டதும் மனசே உடைந்துவிட்டது. பல் டாக்டர் அவன் பின்கழுத்து கருத்திருப்பதைப் பார்த்து, குழந்தைகள் டாக்டரிடமும் காட்டச் சொன்னார். நான் அழுக்கு என்று நினைத்துத் தினமும் தேய்த்துக்கொண்டிருந்தேன். சாக்லேட் வாரத்துக்கு ஒன்றுதான் தருகிறோம், அப்புறம் எப்படி?

பல்மருத்துவன்:
சாக்லேட்டை விடுங்கள் சகோதரி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை இனிப்பு வாய்க்குள் போகிறது என்று எண்ணுங்கள். காலையில் பவுடர் கலந்த பால், இன்டர்வெல்லில் க்ரீம் பிஸ்கட், வேனில் பாக்கெட் ஜூஸ், டியூஷனில் மறுபடி பிஸ்கட், படுக்கும்போது சர்க்கரை போட்ட பால். ஒவ்வொரு தடவையும் பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் அந்தச் சர்க்கரையை அமிலமாக்கும். பி.எச். (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையும், உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும், அதற்குள் அடுத்த பிஸ்கட் வந்துவிடுகிறது. தூக்கத்தில் உமிழ்நீர் ரொம்பக் குறைவு, அதனால் ராத்திரிப் பால்தான் மோசம்.

இதே ஜூஸும் பிஸ்கட்டும்தான் எடையையும் ஏற்றுகின்றன. பின்கழுத்துக் கருப்பு பல நேரம் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். தேய்த்தால் போகாது, தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.

மல்லிகைப்பந்தல்:
குண்டான பிள்ளைக்குத்தான் சொத்தை வரும் என்றில்லை. என் பெண் ஒல்லிக்குச்சி, அவளுக்கும் 4. எடையைச் சொல்லிப் பையனைத் திட்டாதீர்கள் அக்கா. நாங்கள் வேனில் தண்ணீர், சாயங்காலம் சுண்டல் என்று மாற்றினோம், இனிப்பு கேட்டால் மதியச் சாப்பாட்டோடு சேர்த்துத் தருவோம். ராத்திரி ஃபுளோரைடு பேஸ்ட்டில் பல் தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும்தான். பாட்டியைச் சம்மதிக்க வைக்கத்தான் 2 மாதம் ஆனது.

கயல்அம்மா:
எண்ணிப் பார்த்தேன், 7 தடவை. நான் கவனிக்கவே இல்லை. பாலில் நாட்டுச்சர்க்கரை போட்டால் பரவாயில்லையா?

பல்மருத்துவன்:
கிருமிக்கு நாட்டுச்சர்க்கரையும் தேனும் வெள்ளைச் சர்க்கரையும் ஒன்றுதான். இவற்றோடு பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையையும் சேர்த்துத்தான், ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் அடக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. வெறும் பாலாகவே பழக்குங்கள். அடுத்த முறை போகும்போது, நன்றாக இருக்கும் மற்ற 3 நிரந்தரக் கடைவாய்ப்பற்களின் பள்ளங்களையும் சீலன்ட் என்ற பாதுகாப்புப் பூச்சு வைத்து அடைக்கலாமா என்று மறக்காமல் கேளுங்கள்.