தண்டனை பற்றிக் கிரேக்கர்கள் சொன்னது உங்களுக்கு எங்கே உறைத்தது?

நான் செஷன்ஸ் கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நடத்துகிறவன். குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று சொன்னதும் நீதிபதி, "தண்டனை பற்றி ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பார். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 235(2) பிரிவு. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் உண்டு. கூண்டில் நிற்பவர் பெரும்பாலும் வயதான அம்மா, சின்னக் குழந்தைகள் என்பார். நாங்களும் அதையே கொஞ்சம் நீட்டிச் சொல்வோம்.

பழைய ஏதென்ஸிலும் இப்படி ஒரு கட்டம் இருந்தது என்று, சாக்ரடீஸின் சீடர் பிளேட்டோவைப் படித்தபோதுதான் தெரிந்தது. கி.மு. 399, சாக்ரடீஸ் வழக்கு. சட்டமே தண்டனையைச் சொல்லாத வழக்குகளில் வழக்குப் போட்டவர் ஒரு தண்டனை கேட்பார், குற்றவாளி ஒன்று கேட்பார். ஜூரிகள் இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும், நடுவில் எதுவும் கிடையாது. எதிர்த்தரப்பு மரணம் கேட்டது. சாக்ரடீஸ், அரசு செலவில் எனக்குச் சாப்பாடு போடுங்கள் என்றார்! அப்புறம்தான் நண்பர்கள் பொறுப்பில் 30 மினா (அந்தக் கால வெள்ளிப் பணம்) அபராதத்துக்கு இறங்கினார். என் கட்சிக்காரராக இருந்திருந்தால் வாயைப் பொத்தியிருப்பேன்.

ஆனால் என் வாதத்தை மாற்றியது அதே காலத்துக் கிரேக்கச் சிந்தனையாளர் புரோட்டகோரஸ். பிளேட்டோவின் உரையாடலில் அவர் சொல்வது இது: நடந்ததை நடக்காததாக்க முடியாது, எனவே இனி நடக்காமல் இருக்கத்தான் தண்டனை, பழசுக்காக அடிப்பது மிருகம் பழிவாங்குவது மாதிரி. இப்போதெல்லாம் குடும்பக் கஷ்டத்தோடு, ஆள் சிறையில் எப்படி நடந்துகொண்டான், வெளியே வந்தால் என்ன வேலை, யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் சொல்கிறேன். சில நீதிபதிகள் குறித்துக்கொள்கிறார்கள். சிலர் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

* * *

வக்கீல் சார், நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். என் அண்ணன் லாரி மோதி இறந்தார். வழக்கில் அப்பா வெறும் சாட்சி. டிரைவருக்கு என்ன செய்யலாம் என்று எங்களை யாரும் கேட்கவில்லை.

அதனால் எனக்கு உறைத்தது ஏதென்ஸுக்குப் பழைய சட்டம் எழுதிய டிராக்கோ. மரண தண்டனைக்குப் பேர் போன அதே ஆள்தான். இவருடைய மற்றச் சட்டங்களை, பின்னால் சட்டம் எழுத வந்த சோலோன் தூக்கிப் போட்டபோதும் இவருடைய கொலைச் சட்டம் மட்டும் தப்பியது. பிற்பாடு கல்லிலும் வெட்டி வைத்தார்கள். வேண்டுமென்றே செய்யாத கொலை என்றால் நாடு கடத்தல். இறந்தவரின் அப்பா, சகோதரர்கள், மகன்கள் எல்லோரும் சேர்ந்து மன்னித்தால் அவன் ஊர் திரும்பலாம். ஒருவர் மறுத்தாலும் முடியாது.

புரோட்டகோரஸ் கணக்கில் எங்களுக்கு இடமே இல்லை சார், பழையதைப் பேசுகிறவர்கள் நாங்கள். டிராக்கோவிடம் இடம் இருக்கிறது, ஆனால் அதுவும் பயமாக இருக்கிறது. அப்பா அந்த டிரைவரை மன்னித்திருப்பார். நான் மாட்டேன் என்றிருப்பேன். அந்தச் சட்டப்படி என் ஒரு பேச்சே போதும்.