ஆபரேஷனுக்கு முன் தடவும் மருந்தால் தடிப்பு: யாருக்காவது வந்ததுண்டா?

கரூர்க்காரன்:
பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டேன். நாலு சின்னத் துளை, நாலும் ஒழுங்காக ஆறிவிட்டன. மூன்றாம் நாள் ராத்திரி வயிறு முழுக்க அரிப்பு. விடிந்து பார்த்தால் செக்கச்செவேலென்று தடித்து, ஓரமெல்லாம் நீர்க்கொப்புளம். பிளாஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை என்று களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு இடித்தது. பிளாஸ்திரி என்றால் அது ஒட்டியிருந்த கட்டம்தானே சிவக்கவேண்டும்? இது விலாவில் வழிந்து இடுப்புவரை கோடு கோடாக இறங்கியிருந்தது.

தோல் மருத்துவர் பார்த்ததுமே, "தியேட்டரில் என்ன தடவினார்கள்?" என்றார். மயக்கத்தில் கிடந்தவனுக்கு என்ன தெரியும்! கேட்டுப் பார்த்ததில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியாம். தடிப்பெல்லாம் வடிந்தபிறகு, சந்தேகப்பட்ட மருந்தை முதுகில் ஒட்டிவைத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட். மே மாத வெயிலில், இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படாமல்... சரி, அந்தக் கதை வேண்டாம். 48 மணி நேரத்தில் பிரித்தபோது குளோர்ஹெக்சிடின் வைத்த இடத்தில் லேசான சிவப்புதான். நான்காம் நாள் மறுபடி பார்த்தபோது அதே புள்ளி நன்றாகத் தடித்திருந்தது. இதில் வேடிக்கை, பல் ஈறுக்காக நான் மாதக்கணக்கில் கொப்பளித்த மவுத்வாஷிலும் அதே பெயர் இருந்தது.

இறால்பிரியை:
என் தங்கைக்கு சிசேரியன் முடிந்த மறுநாள் இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து எரிச்சல். அங்கே தடவியது பழுப்பு மருந்து, போவிடோன் அயோடின். "இறால் சாப்பிட்டால் தடிக்கும் என்றீர்களே, அதான் அயோடின் சேரவில்லை" என்றார் ஒருவர். பிறகு பார்த்த தோல் மருத்துவர் சிரித்துவிட்டார். இறால் அலர்ஜி அதிலுள்ள புரதத்தால் வருவதாம். அயோடினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டெஸ்டிலும் ஒன்றும் வரவில்லை. மருந்து வழிந்து முதுகுக்கடியில் தேங்கி, காயாமல், மேலே உடம்பின் பாரமும் அழுத்தியதில் தோல் வெந்திருக்கிறது. அலர்ஜியே இல்லை.

தியேட்டர் சிஸ்டர்:
அதனால்தான் வழிந்ததை ஒற்றி எடுத்து, தடவியது காய்ந்தபிறகே துணி போர்த்தவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தருவார்கள். அவசரத்தில் தவறுவதும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

கரூர்க்காரருக்கு ஒன்று. பேட்ச் டெஸ்ட் மெதுவாக வரும் தடிப்புக்குத்தான். மருந்து பட்ட சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு திணறி, பிரஷர் இறங்கினால் அது வேறு ரகம், உயிருக்கே ஆபத்து. அதற்குத் தோலை லேசாகக் குத்திப் பார்க்கும் டெஸ்டும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. குளோர்ஹெக்சிடினால் அரிதாக அப்படி நடக்கிறது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-ல் எச்சரித்தது. கழுத்து ரத்தக்குழாயில் போடும் சில குழாய்களிலும், சிறுநீர்க் குழாய் போடத் தடவும் சில ஜெல்லிலும் அது இருக்கும். வெறுமனே "ஆன்டிசெப்டிக் அலர்ஜி" என்றால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது, மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்.

கரூர்க்காரன்:
நன்றி சிஸ்டர். டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதச் சொல்லி வாங்கிவிட்டேன், பர்ஸிலும் ஒரு சீட்டு. அடுத்த மாதம் கடைவாய்ப்பல் பிடுங்கவேண்டும், அங்கேதான் முதலில் நீட்டப்போகிறேன்.