திருக்கடையூருக்கு ட்ரெயின் இருக்கா? (எங்க ஃபேமிலி குரூப்ல நேத்து நைட்டு)

கார்த்தி: சித்தப்பா அறுபதாம் கல்யாணத்துக்கு டிக்கெட் பாக்குறேன், ஆப்ல திருக்கடையூர்னு ஸ்டேஷனே வரமாட்டேங்குது, ஸ்பெல்லிங் மாத்தி மாத்தி அடிச்சு பாத்துட்டேன்

சுந்தரி அத்தை: 😂 நீ 40 வருஷம் லேட்டுடா

பெரியப்பா: மயிலாடுதுறை ஜங்ஷன்னு போடு. அங்கேருந்து தரங்கம்பாடி வரைக்கும் ஒரு கிளை லைன் இருந்துச்சு, மீட்டர்கேஜ், 30 கிலோமீட்டர் கிட்ட. 1926ல ஆரம்பிச்சு 1986ல நிறுத்துனாங்க. மன்னம்பந்தல் செம்பனார்கோயில் ஆக்கூர் திருக்கடையூர் தில்லையாடி பொறையார் தரங்கம்பாடி, தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவேன்

மாமா: காந்தி தில்லையாடிக்கு வந்ததே இந்த ட்ரெயின்லதானே

பெரியப்பா: இல்ல மாப்ள, அவர் வந்தது 1915. லைன் போட்டதே 11 வருஷம் கழிச்சு. இதெல்லாம் எவனோ ஃபார்வர்டு பண்ணி விடுறது

மாமா: 🙏

ப்ரியா: நீங்க போயிருக்கீங்களா பெரியப்பா

பெரியப்பா: காலேஜே அதுலதாம்மா. ஏ.வி.சி. காலேஜ் மன்னம்பந்தல்ல இருக்குல்ல, ஆக்கூர்ல ஏறி அங்க இறங்குவோம். கெட்டி அட்டை டிக்கெட், கட்டைவிரல் அகலம்தான் இருக்கும், ஸ்டேஷன் மாஸ்டர் அத ஒரு மெஷின்ல சொருகி இழுத்தா டக்குனு தேதி விழும், தடவி பாத்தா பள்ளமா தெரியும். அந்த சத்தம் கேட்டா ரோட்ல வர்றவன்லாம் ஓட ஆரம்பிச்சிடுவான்

சுந்தரி அத்தை: வெள்ள சட்டை போட்டு போவாரு, கரிப்புள்ளியோட வருவாரு, அம்மா திட்டிக்கிட்டே ஊற வைக்கும். ஜன்னல் ஓரம்தான் உக்காருவேன்னு அடம் வேற

கார்த்தி: அப்புறம் ஏன் மூடுனாங்க

பெரியப்பா: நஷ்டம்னாங்க. அதே ரோட்டுல பஸ் விட்டாங்கல்ல, அது வாசல்லயே நிக்கும், அடிக்கடி வரும், ரயில விட்டா அடுத்தது எப்பவோ, அதுவும் ஆடி அசஞ்சு போகும், இதுக்காக ஸ்டேஷன் வரைக்கும் எவன் நடப்பான். பாவம் நல்ல லைனு, இருந்திருந்தா திருக்கடையூர் கோயிலுக்கு வர்ற கூட்டத்துக்கு மட்டுமே போதும்

சுந்தரி அத்தை: அண்ணே கடைசி வருஷம் நீங்க எதுல போனீங்க

பெரியப்பா: ...

சுந்தரி அத்தை: சொல்லுங்க

பெரியப்பா: பஸ்லதான். ஃபர்ஸ்ட் ஹவர் லேட்டானா அட்டெண்டன்ஸ் போட மாட்டாங்க

சுந்தரி அத்தை: 😂😂

மாமா: பேரளம் காரைக்கால் லைனும் இப்படித்தான் 80கள்ல மூடுனாங்க, 1898ல போட்டது, இப்ப பிராட்கேஜா திரும்ப போட்டுட்டாங்களே. நம்ம லைனையும் போட்டு அப்படியே காரைக்காலோட சேத்துடணும்னு ரொம்ப நாளா கேக்குறாங்க, தரங்கம்பாடிலேருந்து 15 கிலோமீட்டர் இருக்குமா

பெரியப்பா: அவ்ளோதான் இருக்கும். பூம்புகார் காவிரி எல்லாம் பாக்க வர்றவனுக்கும் டேனிஷ் கோட்டை பாக்க வர்றவனுக்கும் சேத்து வசதி. தண்டவாளத்தத்தான் எடுத்துட்டாங்க, மண் மேடு இன்னும் அங்கங்க இருக்கு, கருவேலம் மூடிக் கிடக்கு

கார்த்தி: ஓகே மயிலாடுதுறைக்கு போட்டுட்டேன், நாலு பேரு, ரெண்டு ஆர்.ஏ.சி.

சுந்தரி அத்தை: ஜங்ஷனுக்கு வேன் சொல்லிட்டேன்

பெரியப்பா: வேன் ஆக்கூர்ல அஞ்சு நிமிஷம் நிக்கட்டும், புள்ளைங்களுக்கு அந்த மேட்ட காட்டுறேன்

சுந்தரி அத்தை: முகூர்த்தம் காலைல அண்ணே. திரும்பி வரும்போது காட்டுங்க