புதுப்பிப்பு: கிளாஸ் 37 எஞ்சினின் மூக்கு ஒருவழியாகச் சரியாகிவிட்டது

போன மாதம் என் நீல நிற கிளாஸ் 37 எஞ்சினின் (பிரிட்டிஷ் ரயிலின் டீசல் எஞ்சின் வகை ஒன்றின் சிறிய மாதிரி வடிவம்) படத்தைப் போட்டு, மூக்கில் அடித்த மஞ்சள் ஏன் பச்சை தட்டுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய ஒருவர் அதைவிடப் பெரிய பிழையைப் பிடித்துவிட்டார்: 1978ஆம் ஆண்டில் ஓடிய எஞ்சின் என்று சொல்லிவிட்டு, நெற்றிப் பெட்டியில், இது எந்த வண்டி என்று காட்டும் நான்கெழுத்துக் குறியீட்டை ஒட்டியிருக்கிறீர்களே!

நியாயம்தான். பிரிட்டிஷ் ரயில் 1976-இலேயே அந்த வழக்கத்தைக் கைவிட்டது. பிறகு பல எஞ்சின்களில் பெட்டியைக் கறுப்பாக மூடி, இரண்டு வெள்ளை வட்டங்களை மட்டும் விட்டுவைத்தார்கள்.

வட்டங்களை முதலில் தூரிகையால் வைத்துப் பார்த்தேன். இரண்டு சோற்றுப் பருக்கைகள் ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. பிறகு கறுப்புப் பிளாஸ்டிக் தகட்டில் துளையிட்டு, பின்னால் வெள்ளைக் காகிதத்தை ஒட்டினேன். விளிம்பு கத்தி போல வந்தது. ஆனால் 1:76 அளவில் ஒரு துளை மயிரிழை விலகினாலும் எஞ்சினுக்கு மாறுகண் வந்துவிடுகிறது; நான்காவது தகடுதான் தேறியது.

மஞ்சளின் கோளாறு எளியது. நீலத்தின் மேலேயே நேராக அடித்திருந்தேன். அது அக்ரிலிக் வண்ணம் என்பதால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்து, வெள்ளை அடிப்பூச்சு கொடுத்து, மூன்று மெல்லிய பூச்சுகளாக மஞ்சள் அடித்தேன். பச்சை போய்விட்டது. தேய்த்த வேகத்தில் ஓட்டுநர் கதவோரக் கைப்பிடி ஒன்றும் போய்விட்டது. அதை 0.45 மி.மீ. பித்தளைக் கம்பியில் வளைத்துக்கொண்டிருக்கிறேன்.