ஹால் டிவி சத்தம் பக்கத்து ரூமுக்குள்ள அப்படியே கேட்குது, என்ன பண்ணலாம்?

ஆனையூர்க்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். மாடியில வாடகைக்கு இருக்கோம். ஹாலுக்கும் மக படிக்கிற ரூமுக்கும் நடுவுல ஒரே சுவர். அப்பாவுக்குக் காது மந்தம், சாயங்காலமானா டிவி சத்தம் தூக்கிடும். பட்டிமன்றம் வந்தா நடுவர் தீர்ப்பு வரைக்கும் வரி விடாம உள்ள கேட்குது. புள்ளைக்கு இது பிளஸ் டூ வருஷம். கடையில விசாரிச்சேன், சுவர் முழுக்க ஃபோம் ஒட்டுனா நின்னுடும்ங்கிறாங்க. விலை கையைக் கடிக்குது. வீட்டுக்காரர் ஆணி அடிச்சாலே சத்தம் போடுற ஆளு. என்ன வழி?

செல்லூர் தம்பி:
முட்டை அட்டை ஒட்டுங்கண்ணே. எங்க தெருவுல ஒருத்தர் அதை ஒட்டிட்டுத்தான் ட்ரம்ஸ் வாசிக்கிறார்.

கரண்டி:
அவரு பக்கத்து வீட்டுல கேட்டீங்களா தம்பி?

ஃபோமும் முட்டை அட்டையும் ரூமுக்குள்ள எதிரொலியைத்தான் குறைக்கும். அடுத்த ரூமுக்குப் போற சத்தத்தை நிறுத்த எடை வேணும், ஓட்டை இருக்கக்கூடாது. போதாததுக்குச் சாதா ஃபோம் தீப்பிடிச்சா நச்சுப் புகை. புள்ளை படிக்கிற ரூம்ல வேண்டாம்.

ஆனையூர்க்காரரே, மூணு விஷயம் சொல்லுங்க. சுவர் 4½ இஞ்ச்சா, 9 இஞ்ச்சா? கதவுக்கு மேல வென்டிலேட்டர் இருக்கா? டிவி எந்தச் சுவர்ல மாட்டியிருக்கு?

ஆனையூர்க்காரன்:
4½ தான். கதவுக்கு மேல ரெண்டடிக்கு ஓரடி ஜாலி இருக்கு, கண்ணாடி கிடையாது. கதவுக்கு அடியில விரல் நுழையுற சந்து. டிவி அதே சுவர்லதான்.

கரண்டி:
அப்ப சுவரைக் குத்தம் சொல்லாதீங்க. ரெண்டு பக்கமும் பூச்சு இருக்குற 4½ இஞ்ச் செங்கல் சுவரே சுமார் 45 டெசிபல் தடுக்கும். ஆனா 100 சதுர அடிச் சுவர்ல 1 சதுர அடி திறந்து கிடந்தா, மொத்தத்துல 20 டெசிபல்தான் நிக்கும். உங்க ஜாலியே 2 சதுர அடி! அதை விட்டுட்டு 9 இஞ்ச் சுவரே கட்டுனாலும் காசு தண்டம்.

ராத்திரி ரூமை இருட்டாக்கிட்டு ஹால் லைட்டைப் போடுங்க. வெளிச்சம் கசியுற இடத்துல எல்லாம் சத்தமும் கசியும். நிலைக்கும் பூச்சுக்கும் நடுவுல விரிசல் விட்டிருக்கும், அதையும் பாருங்க.

ஜாலிக்கு 18 எம்எம் பிளைவுட் வெட்டி, ஓரத்துக்கு ரப்பர் பீடிங் வச்சு, நிலையில ஸ்குரூ போட்டு இறுக்குங்க. காலி பண்ணும்போது கழட்டிக்கலாம். வெளிச்சம் வேணும்னா 6 எம்எம் கண்ணாடி. ஆனா ரூம்ல வெளிப்பக்கம் ஜன்னல் இருந்தாத்தான் அடைக்கணும், இல்லைன்னா நம்மூர் வெயில்ல புள்ளை வெந்துடும். கதவடிக்கு ரப்பர் பட்டை, நிலை விரிசலுக்கு சிலிக்கான்.

டிவியையும் அந்தச் சுவர்லேர்ந்து கழட்டுங்க. நிறைய டிவியில ஸ்பீக்கர் பின்பக்கம்தான், நேரா சுவரைப் பார்த்துப் பேசுது. வேற பக்கம் ஸ்டாண்டுல வைங்க.

திருநகர் அக்கா:
சுவரைப் பார்த்தது போதும் தம்பி, அப்பாவை யாராவது பார்த்தீங்களா? பெரியாஸ்பத்திரி காது மூக்கு தொண்டைப் பிரிவுல ஒருதடவை காட்டுங்க, வெறும் காதழுக்காக்கூட இருக்கலாம். அதுவரைக்கும் டிவிக்குப் புளூடூத் ஹெட்போன். எங்க மாமனார் முதல்ல முறைச்சார், இப்ப கழட்டவே மாட்டேங்கிறார்.

ஆனையூர்க்காரன்:
ஜாலிக்குப் பலகை, கதவுக்குப் பட்டை போட்டாச்சு. பேச்சு புரியலை, முணுமுணுப்புதான் வருது. மக ஒண்ணும் சொல்லலை, அதுவே பெருசு. டிவி இன்னும் அதே இடம், அப்பா விட மாட்டேங்கிறார். ஆனா சுவிட்ச் போர்டு பக்கம் காதை வச்சா தெளிவா கேட்குதே?

கரண்டி:
ரெண்டு பக்கமும் முதுகோட முதுகா சுவிட்ச் பெட்டி வச்சிருப்பாங்க. 4½ இஞ்ச்சுல நடுவுல செங்கலே மிஞ்சாது. எலக்ட்ரீஷியனை வச்சு மெயினை ஆஃப் பண்ணி, பெட்டியைச் சுத்தி இருக்குற சந்தைச் சிமெண்ட் வச்சு அடைங்க. வயர் மேல பஞ்சு, ஃபோம் திணிக்கவே கூடாது.

செல்லூர் தம்பி:
அண்ணே, மிக்ஸி சத்தத்துக்கு அடுப்படிக் கதவுக்கும் அந்தப் பட்டையை அடிக்கலாமா?

கரண்டி:
கூடாது. சிலிண்டர் கேஸ் காத்தைவிடக் கனம், கசிஞ்சா தரையிலதான் தேங்கும், அது வெளியேற அடியில வழி வேணும். மிக்ஸிக்கு அடியில தடிச்ச ரப்பர் மேட் போட்டு, சுவரை ஒட்டாம தள்ளி வைங்க.