உப்புப் போட்ட ஐஸ் உருகுகிறது, ஆனால் கூடுதலாகக் குளிர்கிறது. எப்படி?

மேலூர்க்காரி:
விடுமுறையில் குல்பி செய்து தருகிறேன் என்று பையனிடம் வாயை விட்டுவிட்டேன். எங்கள் ஃப்ரீசரை நம்பி ஒன்றும் வைக்க முடியாது. அதனால் பழைய முறை: சுண்டக் காய்ச்சிய பாலைச் சர்க்கரை, ஏலக்காயோடு எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, வாளியில் உடைத்த ஐஸுக்கு நடுவே வைத்துத் திருகுவது.

முதல் ஞாயிறு உப்புப் போடவில்லை. ஒன்றரை மணி நேரம் கை வலிக்கத் திருகியும் பால் ஜில்லென்று ஆனதோடு சரி. மறு ஞாயிறு மூன்று கிலோ ஐஸுக்கு ஒரு கிலோ கல்லுப்பு போட்டேன். முக்கால் மணி நேரத்தில் ஓரமெல்லாம் பிடித்துவிட்டது. கேக்குக்காக வாங்கிய தெர்மாமீட்டரை வாளிக்குள் விட்டால் மைனஸ் 13!

பையன் கேட்டான்: "உப்புப் போட்ட ஐஸ்தான்மா சீக்கிரம் உருகுது. உருகினா சூடாகுதுன்னுதானே அர்த்தம்? அப்புறம் எப்படி மைனஸ்?" ஏழாவது படிக்கிறவனுக்குப் பதில் தெரியாமல் இங்கே வந்திருக்கிறேன்.

சும்மா_ஒருவன்:
உப்பு கரையும்போது வெப்பத்தை இழுக்கும். அவ்வளவுதான் விஷயம். நவச்சாரத்தைத் தண்ணீரில் கரைத்துப் பாத்திரத்தைத் தொட்டுப் பாருங்கள், புரியும்.

ஐஸ்பார்:
நவச்சாரத்துக்கு அது சரி. சாப்பாட்டு உப்புக்கு அந்தக் கணக்கு பத்தாது தம்பி. ஒரு லிட்டர் தண்ணீரில் நூறு கிராம் உப்பைக் கரைத்துப் பாருங்கள், ஒன்றரை டிகிரி இறங்கினால் பெரிது. மைனஸ் 13 எங்கிருந்து வந்தது?

நான் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் 19 வருடம் இருந்தவன். அம்மா, உங்கள் பையனிடம் இப்படிச் சொல்லுங்கள். ஐஸும் தண்ணீரும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஐஸிலிருந்து கொஞ்சம் பிரிந்து தண்ணீராகிறது, தண்ணீரிலிருந்து கொஞ்சம் ஐஸில் போய் ஒட்டுகிறது. சைபர் டிகிரியில் போக்கும் வரவும் சமம். உப்பு தண்ணீரில் கரையும், ஐஸுக்குள் நுழையாது. அதனால் உப்புத் தண்ணீரிலிருந்து ஒட்டப்போவது குறைந்துவிடும். ஐஸிலிருந்து பிரிவது குறையாது. உருகல் ஜெயித்துவிடும்.

உருகுவதற்கு வெப்பம் வேண்டுமே, வாளிக்குள் அடுப்பா எரிகிறது? சுற்றியுள்ள உப்புத் தண்ணீர், மீதி ஐஸ், உங்கள் பால் எல்லாவற்றிடமிருந்தும் பிடுங்குகிறது. அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கிலோ ஐஸ் உருக எடுக்கும் வெப்பத்தை வைத்து ஒரு கிலோ தண்ணீரை சைபரிலிருந்து 80 டிகிரி வரை காய்ச்சலாம். உருகும் ஐஸ் சூட்டை விழுங்கும், ஆனால் தான் சூடாகாது. பையன் வழுக்குவது அங்கேதான்.

முதல் வாரம் ஏன் பிடிக்கவில்லை என்றால், சர்க்கரை கரைந்த பால் சைபரில் உறையாது, சில டிகிரி கீழே போகவேண்டும். வெறும் ஐஸ் சைபருக்குக் கீழே இழுக்காது.

ஐஸ் உப்பை உள்ளே விடாது என்பதை எங்கள் ஐஸ் பாரிலேயே பார்க்கலாம். கேனில் ஊற்றிய தண்ணீர் ஓரத்திலிருந்து உறைந்து வரும். தண்ணீரில் இருக்கும் கொஞ்ச உப்பும் காற்றும் நடுவுக்குத் தள்ளப்பட்டு அங்கே வெள்ளையாக ஒரு தண்டு நிற்கும். கேன்களைச் சுற்றி நிற்பதும் உப்புத் தண்ணீர்தான், நாங்கள் பிரைன் என்போம். மைனஸ் 10 வாக்கில் இருந்தும் உறையாமல் ஓடும்.

மேலூர்க்காரி:
ஐயா, இரண்டு முறை படித்துக் காட்டினேன், புரிந்துவிட்டதாம். இன்னும் உப்பைக் கூட்டினால் இன்னும் இறங்குமா என்கிறான். எனக்கு வேறு கவலை: குல்பியில் லேசாக உப்புக் கரித்தது.

ஐஸ்பார்:
கூட்டிப் பயனில்லை. நூற்றுக்கு 23 பங்கு உப்பு என்ற அளவில் மைனஸ் 21தான் எல்லை. அதற்கு மேல் போடுவது அடியில் தங்கும். மூன்றுக்கு ஒன்று என்பதே தாராளம்.

கரித்தது மூடி வழியாக. உருகின தண்ணீர் தூக்கின் கழுத்துக்கு ஏறாமல் அவ்வப்போது கொஞ்சம் வடித்துவிடுங்கள். மொத்தமும் வடிக்க வேண்டாம், தூக்கை ஒட்டி நிற்கிற அந்தத் தண்ணீர்தான் குளிரைக் கடத்துகிறது. பையனை வெறும் கையால் துழாவ விடாதீர்கள். ஐஸ் தொடுவது மாதிரி இல்லை இது, தோல் வெந்துபோகும். என் இடது சுண்டுவிரல் நுனியில் இன்னும் தழும்பு இருக்கிறது.

மேலூர்க்காரி:
போன வாரமே கையை விட்டுத் துழாவினவன்தான். இந்த ஞாயிறு மரக்கரண்டி.